ஜன்னலைச் சாத்திவிட்டு வருகிற கோபம்

கேள்வி: என் வயது 41. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். வீட்டில் மனைவி, ஏழாவது படிக்கும் மகள், என் அம்மா. ஆர்டர் குறைந்ததிலிருந்து வேலையில் ஏக நெருக்கடி. வீட்டுக்கு வந்தால் குழம்பில் உப்பு கூடினாலும், செருப்பு இடம் மாறிக் கிடந்தாலும் என்னையும் அறியாமல் கத்திவிடுகிறேன். கை நீட்டியதில்லை. என் அப்பாவும் இப்படித்தான், ரத்தத்தில் வந்தது. கத்தி முடித்தால் மனசு லேசாகிவிடும், அரை மணியில் மறந்தும்விடுவேன். மனைவிதான் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டாள். பக்கத்து வீடு ஒட்டினாற்போல் இருப்பதால் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பேசுவேன். இப்போதெல்லாம் என் குரல் உயர்ந்தாலே மகளே எழுந்து சாத்திவிடுகிறாள், அவ்வளவு விவரமான பெண். ‘தன்னைத்தான் காக்கின் சினங்காக்க’ என்ற குறளை மேஜையில் ஒட்டி வைத்தும் பயனில்லை. கோபத்தை அடக்க வழி சொல்லுங்கள்.

பதில்: தம்பி, உங்களுக்குக் கோபத்தை அடக்கத் தெரியும். நன்றாகவே தெரியும்.

என்னையும் அறியாமல் என்கிறீர்கள். அறியாமல் கத்துகிறவன் ஜன்னலைச் சாத்துவானா? எழுந்து, நாலடி நடந்து, கொக்கியைக் கழற்றி, இரண்டு கதவையும் இழுத்துத் தாழ் போட்டு, அப்புறம் திரும்பி வந்து கத்துகிறீர்கள். அத்தனை நேரமும் உங்கள் கோபம் கைகட்டிக் காத்து நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்காக அரை நிமிடம் பொறுக்கிற கோபம், கட்டிய மனைவிக்காகப் பொறுக்காதா?

மேஜையில் ஒட்டியிருப்பது வெகுளாமை அதிகாரத்தின் ஐந்தாவது குறள். அதே அதிகாரத்தின் முதல் குறளைப் படித்தீர்களா? ‘செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான்.’ தன் கோபம் எங்கே பலிக்குமோ அங்கே அடக்குகிறவன்தான் கோபத்தை அடக்கியவன். பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால்தான் என்ன என்கிறார் வள்ளுவர். சரக்கு வாங்கும் பையரிடமும் முதலாளியிடமும் வாய் திறக்காமல் இருப்பது பொறுமைக் கணக்கில் வராது. அங்கே உங்கள் கோபம் செல்லாது. செல்லுகிற ஒரே இடம் உங்கள் வீடு. அங்கேதான் அவிழ்த்து விடுகிறீர்கள்.

கை நீட்டியதில்லையாம். இதை எழுதாத கணவர் கடிதம் எனக்கு வந்ததே இல்லை. ஏதோ விருதுக்கு மனுப் போடுவதுபோல எழுதுகிறார்கள். 2005-ம் வருடத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். சொல்லால் வதைப்பதும் வன்முறை என்றுதான் அதில் இருக்கிறது. உங்கள் மனைவி எந்த வாசலுக்கும் போகவில்லை என்றால் அது அந்தப் பெண்ணின் பெருந்தன்மை, உங்கள் சாமர்த்தியம் இல்லை.

ரத்தம் என்ற சாக்கும் வேண்டாம். உங்கள் மகளுக்கும் அதே ரத்தம்தானே, அவள் யார்மேல் கத்துகிறாள்? உங்கள் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தைக்கு மேல் நீங்கள் எழுதவில்லை. புருஷன் கத்தியதைக் கேட்டு ஒரு ஆயுளைக் கழித்துவிட்டு, இப்போது மகன் கத்துவதையும் அதே மாதிரி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். வயதான காலத்தில் ஒரு தாய்க்கு மகன் செய்கிற கடமை மாத்திரை வாங்கிக் கொடுப்பதோடு முடிந்துவிடுகிறதா?

கத்தினால் மனசு லேசாகிறது என்பதும் பாதிதான் உண்மை. அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மேன் இதைச் சோதித்து 2002-ல் எழுதியிருக்கிறார். கல்லூரி மாணவர்களுக்குக் கோபமூட்டி, சிலரை, கோபப்படுத்திய ஆளை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டை மூட்டையைக் குத்தச் சொன்னார். அதிகக் கோபத்தோடு இருந்தவர்கள் அவர்கள்தான். ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கோபம் குறைவாக இருந்தது. கொட்டக் கொட்டக் குறைவதற்குக் கோபம் என்ன குடத்துத் தண்ணீரா? உங்களுக்கு அரை மணியில் மறக்கிறது என்றால், சுமையை வேறு யார் தலையிலோ மாற்றி வைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அந்த இரண்டு நாள் மௌனம் அதன் எடை.

இன்னொன்று. உங்களுக்கு வருவது கோபம்தானா? 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கான வரியை 50 சதவீதத்துக்கு ஏற்றியபோது திருப்பூரில் நிம்மதியாகத் தூங்கியவர் யார்? எனக்கென்னவோ அது பயம் என்றுதான் தோன்றுகிறது. வேலை போய்விடுமோ, தவணை நின்றுவிடுமோ என்ற பயம். நம் வீட்டு ஆண்களுக்குப் பயம், அவமானம், அசதி எது வந்தாலும் அதற்குக் கோபம் என்ற ஒரே சட்டையைத்தான் மாட்டத் தெரிகிறது. மனைவியிடம் உட்கார்ந்து, ‘ஆர்டர் இல்லை, பயமாக இருக்கிறது’ என்று சொல்லிப் பாருங்கள். குழம்பின் உப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

சரி, வழி கேட்டீர்கள். வழி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கை ஜன்னல் பக்கம் போகிறதே, அந்த நொடிதான். அதைத் தொடாமல் வாசல் வழியாக வெளியே போங்கள். ‘அரை மணியில் வந்து பேசுகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போனால் அது வேறொரு தண்டனை. நடந்துவிட்டு வாருங்கள். நடக்கும்போது யார் என்ன சொன்னார்கள் என்று மனசுக்குள் அரைத்துக்கொண்டே இருந்தால் பயனில்லை, மேலே சொன்ன மூட்டைக் கதைதான். இரண்டு மாதம் முயன்றும் முடியவில்லையென்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக அந்தப் பெண். விவரமானவள் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில்தான் எனக்கு வயிறு எரிந்தது. பன்னிரண்டு வயதில் அவள் கற்றுக்கொண்டிருப்பது என்ன? அப்பா கத்தப் போகிறார், வெளியே தெரியாமல் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போய், அங்கே ஒருவன் குரலை உயர்த்தினால், வாய் திறந்து கேட்பாளா, எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவாளா?

இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அந்த ஜன்னலை நீங்களே திறந்து கொக்கியை மாட்டுங்கள். ‘இதைச் சாத்துவது இனி உன் வேலை இல்லை, உன்னைச் செய்ய வைத்தது என் தப்பு’ என்று உங்கள் அம்மாவும் மனைவியும் கேட்க மகளிடம் சொல்லுங்கள். திறந்து வைத்தால் கொசு வருமே என்பீர்கள். வலை அடியுங்கள்.