டிரைலருக்கு எந்த என்ஜின்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கோத்தகிரியில் இரண்டு ஆறு சக்கர லாரிகள் வைத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளின் சரக்கை ஏற்றி இறக்கி வருகிறேன். இப்போது கோவையிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 40 அடி கண்டெய்னர் இழுப்பதற்காகப் பழைய டிரைலர் வண்டி ஒன்றை வாங்க எண்ணியுள்ளேன். இன்லைன் பம்பு (இயந்திர முறையில் டீசல் செலுத்தும் பழைய வகைப் பம்பு) வைத்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் என்ஜினுடன் 2015-ஆம் ஆண்டு வண்டி ஒன்றும், பிஎஸ்-6 (புகை மாசு விதி) வகை 6.7 லிட்டர் என்ஜினுடன் 2021-ஆம் ஆண்டு வண்டி ஒன்றும் விலைக்கு வந்துள்ளன. அமெரிக்காவில் டிரைலர் ஓட்டும் என் மைத்துனரோ, 13 லிட்டருக்குக் குறைந்த என்ஜின் பாரத்துக்கு நிற்காது என்கிறார். எதை வாங்கலாம்?
வாசகர், கோத்தகிரி

பதில்: மைத்துனர் தம் ஊர்ச் சாலையை வைத்துச் சொல்கிறார், அங்கே அது சரிதான். ஏறக்குறைய 36 டன் மொத்த எடையோடு மணிக்கு 105, 110 கிலோமீட்டர் வேகத்தில் நாள் முழுவதும் ஓடும் வண்டிக்கு 13 முதல் 15 லிட்டர் வரையிலான என்ஜின் தேவைப்படுகிறது. காற்றுத் தடையை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்காக உயர்வதால், 80 கிலோமீட்டரில் செலவாகும் திறனைப் போல 110-இல் இரண்டரை மடங்கு செலவாகும். நம் டிரைலர்கள் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியோடு 80-க்குள் ஓடுபவை. 55 டன் வகை வண்டிகளே இங்கு 6.7 லிட்டர் என்ஜினோடு ஓடிக்கொண்டிருக்கும்போது, லிட்டர் கணக்கை நினைத்து நீங்கள் கலங்க வேண்டியதில்லை.

மலையில் வண்டி ஓட்டிப் பழகிய நமக்கு என்ஜின் என்றாலே ஏற்றம்தான் நினைவுக்கு வரும். கோத்தகிரியின் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத பழைய என்ஜின்கள் இங்கே மூச்சு வாங்குவது அதனால்தான். ஆனால் உங்கள் டிரைலர் மலைக்கு வரப்போவதில்லை. 40 அடிப் பெட்டியை நம் கொண்டை ஊசி வளைவுகளில் திருப்பிக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள். சரக்கை உங்கள் லாரிகள் மேட்டுப்பாளையத்துக்கு இறக்கட்டும். அதன் பின் திண்டுக்கல், மதுரை, விருதுநகர் வழியாகச் செல்வது பெரும்பாலும் சமவெளிச் சாலைதான். அங்கே என்ஜினைச் சோதிப்பது சித்திரை வெயில். ஆகவே ரேடியேட்டரின் உட்குழாய்கள் அடைபட்டுள்ளனவா, மூடியின் ரப்பர் அழுத்தம் தாங்குகிறதா, விசிறி கிளட்ச் சூடேறியதும் பிடிக்கிறதா என்பவற்றைக் குதிரைத்திறனுக்கு முன்பே பாருங்கள்.

இரண்டு வண்டிகளுள் எது என்பதற்கு வருகிறேன். இன்லைன் பம்பு என்ஜினின் பெரிய பலம், வழியில் நின்றால் சாலையோரப் பட்டறையிலேயே பெரும்பாலும் சரிசெய்துவிடலாம் என்பது. அதன் பலவீனம் பலருக்கும் தெரியாது: 5.9 கம்மின்ஸில் கழற்றி மாற்றும் லைனர், அதாவது சிலிண்டரின் உள்ளுறை, கிடையாது. பிஸ்டன் நேரே பிளாக்கிலேயே ஓடுகிறது. சிலிண்டர் தேய்ந்துவிட்டால் பிளாக்கையே இறக்கிக் கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிஎஸ்-6 என்ஜினுக்கு அடிப்படை வலுவில் குறையில்லை. அதைச் சாலையில் நிறுத்துபவை பெரும்பாலும் சென்சார்களும், புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியும், புகையின் நச்சு வாயுவைக் குறைக்கும் யூரியாக் கரைசல் அமைப்பும்தான். பழுது தென்பட்டால் கணினியே இழுவையைக் குறைத்துவிடும். ஸ்கேனர் உள்ள பட்டறைக்குப் போகும்வரை ஓட்டுநரால் ஒன்றும் செய்ய இயலாது. ஆனால் நெடுந்தூரம் பாரத்தோடு ஓடும் வண்டியில் புகைக்குழாய் போதிய சூட்டில் இருப்பதால் வடிகட்டி தானாகவே எரித்துச் சுத்தமாகிக்கொள்ளும். அடைப்புத் தொல்லை அதிகம் வருவது நின்று நின்று ஓடும் உள்ளூர் வண்டிகளுக்குத்தான். உங்கள் வழித்தடத்துக்கு என் சாய்வு 2021 வண்டியின் பக்கமே, அந்த நிறுவனத்தின் பட்டறை கோவையிலும் மதுரையிலும் உண்டென்று நீங்களே நேரில் போய் உறுதி செய்துகொண்டால். தினமும் கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே ஓடும் லாரிக்குக் கேட்டிருந்தால் பழையதையே சொல்லியிருப்பேன்.

எதை வாங்கினாலும் காலையில், முன்னறிவிப்பின்றிப் போய் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்ததைக் கவனிக்காமல், குளிரில் கிளம்பாத வண்டியை ஒருமுறை வாங்கி வந்தவன் நான். ஆறிய என்ஜினை முடுக்கி, ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, அந்த வாயின் மேலேயே தலைகீழாக வையுங்கள். மூடி இலேசாக நடுங்கினால் பரவாயில்லை. துள்ளி விழுந்தால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்து, எரிந்த வாயு கீழே இறங்குகிறது என்று பொருள். மூடியின் அடியில் மோர் போன்ற கசடு படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கக்கூடும். மலையில் குறுந்தூரம் மட்டுமே ஓடிய வண்டியில் வெறும் ஈரப்பதத்தாலும் அது படியும் என்பதால், ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கையும் உருவிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். சூடான பின்னும் நீலப்புகை நிற்கவில்லையென்றால் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள்.

கேள்வி: உதகையில் உறைபனி விழும் மாதங்களில் பிஎஸ்-6 லாரியின் யூரியாக் கரைசல் உறைந்துவிடுமா?
வாசகர், உதகமண்டலம்

பதில்: உறையாது. 32.5 விழுக்காடு யூரியா கலந்த அந்தக் கரைசல் உறைவது பூஜ்யத்துக்குக் கீழே 11 டிகிரியில். நம் உறைபனி அவ்வளவு தூரம் இறங்குவதில்லை. தொட்டி வாயில் வெண்மையான படிவம் கண்டால் அது பனியல்ல, சிந்திய கரைசல் காய்ந்து படிந்த யூரியா. சுத்தமான தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, அதன் பிறகு மூடியைத் திறவுங்கள்.