எலியோட பிரஷரும் நம்ம பிரஷரும்

கடிதம்:

வணக்கம். எங்க அப்பாவுக்கு 52 வயசுல ஹார்ட் அட்டாக் வந்துச்சு. எனக்கு 38 ஆகுது, போன வருஷம் பிரஷருக்கு மாத்திரை ஆரம்பிச்சாச்சு. எலியில பிரஷருக்கான ஜீனை கண்டுபிடிச்சுட்டாங்கன்னு ஒரு செய்தி பார்த்தேன். எலிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம், மனுஷங்களையே ஆராய்ச்சி பண்ணா ஆகாதா? எல்லாம் ஜீன்லயே எழுதியிருக்குன்னா உப்பைக் குறைச்சு என்ன ஆகப்போகுதுன்னு என் தம்பி வேற கேக்குறான். கொஞ்சம் விளக்கமா எழுதுங்க.
எஸ்.

அன்புள்ள எஸ்.,

தம்பி கேட்டதுல இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா அந்தக் கேள்விக்கு எலிங்க ரொம்ப தெளிவா பதில் சொல்லியிருக்கு. 1960கள்ல அமெரிக்காவுல ப்ரூக்ஹேவன் ஆய்வகத்துல லூயிஸ் டால்னு ஒருத்தர், எலிகளுக்கு உப்பு அதிகமா போட்ட தீனி கொடுத்து, யாருக்கு பிரஷர் ஏறுது யாருக்கு ஏறலன்னு பார்த்தார். ஏறினதை ஏறினதோடவும் ஏறாததை ஏறாததோடவும் சேர்த்து குட்டி போட வெச்சார். சில தலைமுறையிலயே ரெண்டு வம்சம் தனித்தனியா பிரிஞ்சிடுச்சு, ஒண்ணுக்கு உப்பு கொடுத்தா பிரஷர் எகிறும், இன்னொண்ணுக்கு அதே உப்பைக் கொடுத்தாலும் பெருசா ஒண்ணும் ஆகாது. அதாவது வாரிசா வந்தது பிரஷர் இல்ல, உப்பைத் தாங்க முடியாத உடம்பு. ஜீன்ல இருக்குன்றதுக்காகவே உப்பைக் குறைக்கணும்னு தான் இதுக்கு அர்த்தம், தம்பி சொல்றதுக்கு நேர் எதிர்.

அப்புறம் அவர் பண்ண இன்னொரு வேலை இருக்கு, எனக்கு இந்தத் துறையிலயே ரொம்பப் பிடிச்சது அதுதான். உப்பு தாங்காத எலியோட கிட்னியை எடுத்து உப்பு தாங்குற எலிக்கு வெச்சார், அதோட சொந்த கிட்னி ரெண்டையும் எடுத்துட்டு. பிரஷர் ஏறிடுச்சு. மாத்தி வெச்சா, இறங்குச்சு. கிட்னி எங்க போகுதோ பிரஷரும் கூடவே போகுது! இதய நோய்னு நாம சொல்ற விஷயத்தோட வேர் பல பேருக்கு கிட்னி உப்பை வெளிய தள்ளுற விதத்துல இருக்குன்ற எண்ணத்துக்கு இது பெரிய பலம் கொடுத்துச்சு. மனுஷங்களை வெச்சு இந்த மாதிரி ஒரு சோதனையைத் திட்டம் போட்டு பண்ணவே முடியாது, மனுஷங்களையே ஆராய்ச்சி பண்ணா ஆகாதான்னு நீங்க கேட்டதுக்கு பாதி பதில் இதுலயே இருக்கு.

மீதி பாதி என்னன்னா, மனுஷங்களையும் ஆராய்ச்சி பண்றாங்க தான், லட்சக்கணக்கான பேரோட டி.என்.ஏ.வை ஒப்பிட்டு பிரஷரோட தொடர்புள்ள இடங்கள் ஆயிரத்துக்கு மேல கண்டுபிடிச்சிருக்காங்க, ஆனா பெரும்பாலானது ஒவ்வொண்ணும் பிரஷரை ஒரு பாயின்ட் கூட மாத்தாது. அந்த இடம் உடம்புல என்ன பண்ணுதுன்னு பார்க்கணும்னா அதை மட்டும் மாத்திட்டு மத்ததெல்லாம் அப்படியே வெச்சுப் பார்க்கணும். எலியில அது முடியும். விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில உப்பு தாங்காத எலியோட 13வது குரோமோசோமை (ஜீன்களை வரிசையா சுமக்குற இழை) மட்டும் எடுத்துட்டு, பிரவுன் நார்வேன்ற வேற வகை எலியோடத வெச்சாங்க (வெட்டி ஒட்டுறது இல்ல, பல தலைமுறை கலப்பு பண்ணி கொண்டு வர்றது). அந்த ஒரே ஒரு குரோமோசோம் மாறினதுல உப்பால ஏறுற பிரஷர் பெருமளவு குறைஞ்சுது. அதுக்கப்புறம் அந்த குரோமோசோமையும் துண்டு துண்டா பிரிச்சுப் பார்த்தா காரணம் ஒரே இடத்துல இல்ல, பல இடத்துல சிதறிக் கிடக்கு.

இப்ப நீங்க பார்த்த செய்திக்கு வர்றேன். அந்த மாதிரி தலைப்பு வர்றப்பல்லாம் எனக்கு கவலையா இருக்கும், ஏன்னு சொல்றேன். ஆராய்ச்சியில ரொம்ப அதிகமா பயன்படுத்துற பிரஷர் எலி எஸ்.எச்.ஆர்.னு ஒண்ணு, 1963ல ஜப்பான்ல கியோட்டோவுல ஒகமோட்டோவும் அயோகியும் உருவாக்கினது. இதுக்கு உப்பே தேவையில்ல, வளர வளர தானாவே பிரஷர் ஏறும். அண்ணன் தங்கச்சியையே திரும்பத் திரும்ப ஜோடி சேர்த்து வளர்த்ததால அந்த வகை எலிங்க எல்லாமே கிட்டத்தட்ட ஒரே ஜீன் தொகுப்பு. அதனால ஆயிரம் எஸ்.எச்.ஆர். எலியைப் பார்த்தாலும் பிரஷர் இருக்குற ஒரே ஒரு நோயாளியை ஆயிரம் தடவை பார்த்த மாதிரி தான். அந்த எலிக்கு ஏன் ஏறுச்சுன்னு தெரியலாம், உங்களுக்கும் அதே காரணம் தான்னு அதுல இருந்து சொல்ல முடியாது. 1999ல இந்த எஸ்.எச்.ஆர். எலியில சிடி36ன்ற ஜீன் பழுதா இருக்கு, இன்சுலின் சரியா வேலை செய்யாததுக்கு அது காரணம்னு கண்டுபிடிச்சாங்க, பெரிய கண்டுபிடிப்பு தான். ஆனா ஜப்பான்ல இருந்த மூல எஸ்.எச்.ஆர். கூட்டத்துல அந்தப் பழுதே இல்ல, பிரஷர் மட்டும் இருக்குன்னு உடனே தெரிய வந்துச்சு. அதுக்காக சிடி36 பொய்னு ஆகாது, பின்னாடி 2008ல கிட்னியில அதோட அளவு குறைஞ்சா பிரஷர் கூடுதுன்னும் காட்டினாங்க. பல காரணங்கள்ல அது ஒண்ணு, அவ்வளவுதான்.

இந்த மாதிரி ஆராய்ச்சியில பல எலிங்க பக்கவாதம் வந்தும் இதயம் வீங்கியும் சாகுதுங்க, அதுக்குன்னே வளர்க்கப்பட்டதுங்க. அந்த உயிருங்க கொடுத்த விவரத்தை ஒரு தலைப்புக்காக திரிச்சு எழுதக்கூடாதுன்றது என்னோட உறுதியான எண்ணம்.

அப்பாவோட ஹார்ட் அட்டாக் விஷயத்துல எலியால அதிக உதவி இல்ல. ரத்தக்குழாய்ல கொழுப்பு படிஞ்சு அடைக்கிறது எலிக்கு சுலபத்துல வராது, அதோட கொலஸ்ட்ரால்ல பெரும்பகுதி நல்ல கொலஸ்ட்ரால்னு சொல்ற எச்.டி.எல். தான், நம்ம உடம்புல கொலஸ்ட்ராலை இடம் மாத்துற ஒரு புரதமும் அதுக்குக் கிடையாது. அதனால உங்க குடும்பத்துக்கு எலி ஆராய்ச்சியை விட அப்பாவோட வயசு தான் முக்கியமான தகவல். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55க்கு முன்னாடி வந்திருந்தா டாக்டருங்க அதைத் தனியா கணக்குல எடுத்துப்பாங்க, அதனால அந்த 52ஐ மறக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க, மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, தம்பியையும் கூட்டிட்டுப் போய் பிரஷரும் கொலஸ்ட்ராலும் பார்த்துடுங்க.