ராபர்ட் ஜான்சன் வாயில் சிகரெட் எங்கே போனது?

அமெரிக்க ப்ளூஸ் இசைக் கலைஞர் ராபர்ட் ஜான்சன் கிட்டாரோடு இருக்கும் புகழ்பெற்ற படம், சிகரெட்டோடும் சிகரெட் இல்லாமலும் கிடைக்கிறது. எது அசல் என்று கேட்டால், சிகரெட் இருப்பதுதான். உங்களிடம் உள்ள சிகரெட் இல்லாத படம் பெரும்பாலும் 1994இல் அமெரிக்க அஞ்சல் துறை வெளியிட்ட 29 சென்ட் தபால்தலை ஓவியத்தின் நகலாக இருக்கும். அதில் சிகரெட்டை வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள். அப்போதே அதற்குக் கிண்டலும் கண்டனமும் எழுந்தன.

அசல், 1930களில் காசு போட்டால் தானே படம் எடுக்கும் கூண்டுக்குள் அவரே எடுத்துக்கொண்டது. வெள்ளைச் சட்டை, காற்சட்டையைத் தாங்கும் தோள்பட்டி, உதட்டில் தொங்கும் சிகரெட், கிட்டார் கழுத்தைப் பிடித்த நீள விரல்கள். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் ஹூக்ஸ் பிரதர்ஸ் ஸ்டுடியோவில் கோட்டும் தொப்பியுமாக எடுத்த படம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து இப்படிப் பாருங்கள்:

1. கன்னத்திலும் சட்டை மடிப்பிலும் தூரிகைத் தீற்றல் தெரிந்தால் அது ஓவியம்.

2. புகைப்படம் போலவே இருந்தால் உதட்டோரம் பாருங்கள். அங்கே மட்டும் வழவழப்பாக இருந்தால் யாரோ கணினியில் அழித்திருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் கவனம். சிகரெட் இருக்கிறது என்பதற்காக உங்கள் பிரதி பழையது ஆகிவிடாது. அந்தக் கூண்டில் நெகட்டிவ் கிடையாது. நேராகத் தாளிலேயே சின்னதாக ஒரு படம் விழும், அவ்வளவுதான். சுவரில் மாட்டும் அளவுக்கு எது வந்தாலும், அதைத் திரும்பப் படம் பிடித்துப் பெரிதாக்கியதே. 'ஒரிஜினல் பிரிண்ட்' என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.