தூண்டில்காரர்கள் சொன்னால் அரசு கேட்குமா?

கேள்வி: வெளிநாட்டுத் தூண்டில் சங்கங்கள் மீன்வளக் கொள்கைக்கு எப்படி ஆலோசனை சொல்கின்றன? ராமநாதபுரத்தில் எங்கள் குழுவால் முடியுமா?

முடியும். ஆனால் கையில் நீங்களே எழுதிவைத்த பதிவு இருக்க வேண்டும். அமெரிக்காவில் 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த எட்டு மண்டல மீன்வள கவுன்சில்களில் தொழில்முறை மீனவர்களோடு பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களும் உட்காருகிறார்கள். இங்கிலாந்தில் தூண்டில்காரர்களின் அமைப்பான ஆங்லிங் டிரஸ்டின் உறுப்பினர்கள் ஆற்று நீரில் பாஸ்பேட், நைட்ரேட் அளவை அவர்களே சோதித்து, அந்தக் கணக்கோடுதான் பேசுகிறார்கள்.

நம்மூரில் களவா மீனிலிருந்து தொடங்கலாம். பெரும்பாலான களவா இனங்கள் முதலில் பெண்ணாக முதிர்ந்து, வளர்ந்தபின் ஆணாக மாறுபவை. குஞ்சைப் பிடித்தால் முட்டையிடும் முன்பே போய்விடும். பெரியதை மட்டுமே குறிவைத்தால் ஆண் மீன் குறையும். அதனால் எடை மட்டும் போதாது. மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை நீளம், தேதி, இடம், திரும்ப விட்டீர்களா என்பதையும் எழுதுங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. எந்த வடிவில் பதிவு செய்தால் பயன்படும் என்று அங்கே முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் வைகை கடலில் சேரும் ஆற்றங்கரை முகத்துவாரத்தைக் கவனியுங்கள். நன்னீர் வரத்து குறைவதும் இறால் பண்ணைக் கழிவு கலப்பதும் மீன்குஞ்சுகளை நேரடியாகப் பாதிக்கும்.

அப்புறம், மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுப் பக்கம் அனுமதியில்லாமல் போகாதீர்கள். ஆட்சியர் நடத்தும் மீனவர் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கும் முன், நாட்டுப்படகு மீனவர்களிடம் அதைக் காட்டிப் பேசுங்கள். கடலை நம்பிப் பிழைப்பவர்கள் அவர்கள். அவர்களைத் தாண்டி நாம் எதுவும் கேட்கக் கூடாது.