கார்ப் சிங்க்: கடைசியில் செய்யவேண்டிய வேலை

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நான்கு சிலிண்டர் மோட்டார்சைக்கிள் பற்றித்தான். சிலிண்டருக்கு ஒன்றாக உள்ள கார்ப்புகள் (கார்புரேட்டர்கள்) எல்லாம் ஒரே அளவு காற்று இழுக்கும்படி சமப்படுத்துவதுதான் சிங்க்.

கேள்வி: கப்சாய் (ஒரு சிலிண்டர் சின்ன மோட்டார்) கார்ப்பையும் சிங்க் செய்யலாமா? (கிள்ளான்)

ஒரு கார்ப்பை எதோடு சிங்க் செய்வது? ஐடில் (கைப்பிடியை முறுக்காதபோது இஞ்சின் ஓடும் வேகம்) ஸ்க்ரூவை மட்டும் சரி பாருங்கள், போதும்.

கேள்வி: என் ஹோண்டா சிபி400-இல் ஐடில் 1,300 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்குச் சுற்று) நிற்க மாட்டேன் என்கிறது, 2,000-க்கு ஏறி மெதுவாக இறங்குகிறது. ஃபோர்மேன் (மெக்கானிக்) சிங்க் செய்து கொடுத்தார், மூன்றே வாரத்தில் பழையபடி. மறுபடி சிங்க் செய்யட்டுமா? (செந்தூல்)

செய்யாதீர்கள். எத்தனை முறை எழுதினாலும் இதே கேள்வி வருகிறது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். திராட்டிலை (முறுக்கும் கைப்பிடியை) விட்ட பிறகும் ஆர்பிஎம் இறங்க யோசிக்கிறது என்றால் முதல் சந்தேகம் எங்கோ காற்று உறிஞ்சுகிறது என்பதுதான். கார்ப்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள ரப்பர் நம் ஊர் வெயிலிலும் இஞ்சின் சூட்டிலும் வருடக்கணக்கில் வெந்து கல்லாகி வெடித்திருக்கும். ஐடிலில் ஓடும்போது அந்த ரப்பர்களில் தண்ணீரைப் புகைபோல் தெளியுங்கள். சத்தம் மாறினால் வெடிப்பு அங்கேதான். கார்ப் கிளீனரைச் சூடான இஞ்சினில் அடிக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

அடுத்தது வால்வ் இடைவெளி. ஒரு வால்வ் இறுகி முழுதாக மூடாமல் இருந்தால் அந்த சிலிண்டரின் வேக்குவம் (காற்றை உறிஞ்சும் இழுப்பு) குறையும். சிங்க் செய்யும்போது மாட்டும் வேக்குவம் கேஜில் அது கார்ப்பின் குற்றம் மாதிரித்தான் தெரியும். நீங்கள் பட்டர்ஃபிளையை (கார்ப்பில் காற்றைத் திறந்து மூடும் தட்டை) திருகி முள்ளைச் சமமாக்கிவிடுவீர்கள், வால்வோ உள்ளே கருகிக்கொண்டே இருக்கும். பல வருடங்களுக்கு முன் ஒரு பட்டறையில் நான் இரண்டு முறை சிங்க்குக்குக் காசு கொடுத்தேன். பிறகு நானே பிரித்துப் பார்த்தபோது மூன்றாவது கார்ப் ரப்பரில் நகம் நுழையும் அளவு வெடிப்பு. கேஜை மாட்டுவதற்கு முன் யாருமே அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

ரப்பர், வால்வ், பிளக், ஏர் ஃபில்டர், பைலட் ஜெட் (ஐடிலில் பெட்ரோல் வரும் சின்னத் துளை), இவை எல்லாம் சரியான பிறகுதான் சிங்க்.

கேள்வி: நான்கு கேஜும் அச்சாக ஒரே அளவு காட்ட வேண்டுமா? (பட்டர்வொர்த்)

வேண்டாம். 20, 30 மில்லிமீட்டர் பாதரச வித்தியாசம் இருக்கலாம். உங்கள் மோட்டாருக்கு எவ்வளவு, எந்தக் கார்ப்பை வைத்து மற்றதைச் சரிசெய்வது என்பதெல்லாம் மேனுவலில் இருக்கும். முதலில் நான்கு கேஜையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே சிலிண்டரில் மாட்டிப் பாருங்கள், மலிவு கேஜ் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. பழைய பாதரசக் குழாய் கேஜை யாராவது இரவல் கொடுத்தால் வாங்காதீர்கள். திராட்டிலைச் சட்டென்று முறுக்கினால் பாதரசம் இஞ்சினுக்குள்ளேயே போய்விடும், அதன் ஆவியும் விஷம்.

கேள்வி: கார்ப்பில் இருந்த எல்லா ஸ்க்ரூவையும் கொஞ்சம் கொஞ்சம் திருகிப் பார்த்தேன், இப்போது ஸ்டார்ட்டே ஆகவில்லை. (பூச்சோங்)

எதை எவ்வளவு திருகினீர்கள் என்று ஒரு வரிகூட எழுதாமல் என்னிடம் கேட்டால் எப்படி? மிக்ஸர் ஸ்க்ரூ (பெட்ரோல்-காற்றுக் கலவையை மாற்றுவது) வேறு, சிங்க் ஸ்க்ரூ (பட்டர்ஃபிளைகளைச் சமப்படுத்துவது) வேறு. மிக்ஸரை மெதுவாக உட்காரும்வரை மூடி (இறுக்காதீர்கள், முனை உடையும்) இரண்டு சுற்று திறந்து தொடங்குங்கள். சிங்க்குக்கு கார்ப்பைக் கழற்றி, நான்கு பட்டர்ஃபிளைக்கு அடியிலும் ஒரே மெல்லிய கம்பி ஒரே மாதிரி உரசிப் போகும்படி வையுங்கள். ஸ்டார்ட் ஆகிவிடும், மிச்சத்தைக் கேஜில் பார்க்கலாம்.

கேள்வி: கெந்திங் ஏறும்போது மேலே இழுவை குறைகிறது, சிங்க் போய்விட்டதா? (பத்துமலை)

இல்லை. உச்சியில் சுமார் 1,800 மீட்டர், காற்று கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மிக்ஸர் ரிச் ஆகும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் அதிகமாகிவிடும். சிங்க்கின் வேலை ஐடிலிலும் திராட்டில் திறக்கும் முதல் கட்டத்திலும்தான், முழுத் திராட்டிலில் அது பெரிதாகத் தெரியாது.

கேள்வி: வீட்டிலேயே சிங்க் செய்யப்போகிறேன், வேறென்ன கவனிக்க? (ஆயர் ஈத்தாம்)

இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு தொடங்குங்கள், முன்னால் பெரிய ஃபேன் வையுங்கள், நின்ற இடத்தில் ஓடினால் சூடு எகிறும். டேங்கைக் கழற்றினால் பெட்ரோல் டேப்பின் வேக்குவம் ஹோஸை அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த சிலிண்டர் காற்று உறிஞ்சி அளவைக் கெடுக்கும். கதவு மூடிய கராஜில் ஒரு நிமிடம்கூட ஓடவிடாதீர்கள். அப்புறம், கேஜை மாட்டும் முன் ரப்பரைப் பார்த்தீர்களா?