அக்னாஸ்டிக் என்றால் நாத்திகரா?

பிரிட்டனுக்கு வந்த புதிதில் உங்களுக்கு வந்திருக்கும் சந்தேகம் இது: கூட வேலை பார்ப்பவர் தன்னை அக்னாஸ்டிக் என்கிறார், அது நாத்திகம்தானா? மதம் கேட்கும் இடங்களில் அவர்கள் என்ன செய்கிறார்கள்?

நாத்திகம் இல்லை. நாத்திகர் கடவுளை ஏற்காதவர். அக்னாஸ்டிக்கோ, உண்டு என்றும் இல்லை என்றும் அடித்துச் சொல்லப் போதிய ஆதாரம் நம்மிடம் இல்லை என்பவர். ‘எனக்கு இன்னும் தெரியவில்லை’ என்பவரும் உண்டு. ‘யாராலும் என்றைக்கும் அறிய முடியாது’ என்று கறாராகச் சொல்பவரும் உண்டு. தேவாலயத்துக்குப் போய்க்கொண்டே இப்படிச் சொல்பவர்களைப் பார்த்தால் குழம்பாதீர்கள். நம்புவது வேறு, அறிந்துவிட்டேன் என்பது வேறு. மதில்மேல் பூனை என்று மட்டும் கேலி செய்துவிடாதீர்கள். அது யோசித்து எடுத்த நிலைப்பாடு.

பெயர் வைத்தவர், டார்வினுக்காக மல்லுக்கட்டிய உயிரியலாளர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. 1869இல் லண்டனில் மெட்டாபிசிக்கல் சொசைட்டி என்ற விவாதக் குழு தொடங்கியது. பாதிரியார்கள், தத்துவவாதிகள், விஞ்ஞானிகள் எல்லாரும் இருந்த அந்தச் சபையில் ஆளுக்கொரு கொள்கைப் பெயர். இவருக்கு மட்டும் இல்லை. இறைஞானம் கைவரப்பெற்றதாகச் சொன்ன பழைய நாஸ்டிக் (Gnostic, நாத்திகர் அல்ல) பிரிவினருக்கு நேர் எதிராக அக்னாஸ்டிக் என்ற பெயரை உருவாக்கிக்கொண்டார். இது மதக்கோட்பாடு அல்ல, ஆராயும் முறை என்று 1889இல் விளக்கியும் எழுதினார்: அறிவு போகிற தூரம் போ, நிரூபிக்காததை உறுதி என்று சொல்லாதே.

எண்ணம் அதைவிட மிகப் பழையது. கிரேக்கத்தின் புரோட்டகோரஸ், தேவர்கள் இருக்கிறார்களா என்று தன்னால் அறிய முடியவில்லை என்றார். ரிக் வேதத்தின் நாசதீய சூக்தம், படைப்பு எப்படி வந்தது என்பது மேலே இருந்து பார்ப்பவனுக்குத் தெரியும், ஒருவேளை அவனுக்கும் தெரியாதோ என்று முடிகிறது. ஹக்ஸ்லிகூட அவ்வளவு தூரம் போகவில்லை!

நடைமுறைக்கு வருவோம். இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதக் கேள்விக்குப் பதில் சொல்வது கட்டாயமில்லை. ‘மதம் இல்லை’ என்பதற்குக் கட்டம் உண்டு. அக்னாஸ்டிக் என்பதற்குத் தனிக் கட்டம் கிடையாது, வேண்டுமானால் கையால் எழுத வேண்டும். நீதிமன்றச் சாட்சியத்திலும் குடியுரிமை விழாவிலும் கடவுள் பெயரால் சத்தியம் செய்யலாம், அல்லது கடவுளைக் குறிப்பிடாமல் உறுதிமொழி கூறலாம். 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றத்தில் இரண்டுக்கும் ஒரே மதிப்பு. எது வேண்டும் என்பதை முன்கூட்டியே ஊழியரிடம் சொல்லிவிடுங்கள், அதற்குரிய வாசக அட்டையைத் தருவார்.