ஹீல்ஸைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் நில்லுங்கள்

விமானப் பணிப்பெண் வேலைக்கான நேர்காணல் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, கேபின் க்ரூவாகப் பறந்து, பிறகு ஆள் எடுக்கும் குழுவிலும் உட்கார்ந்த திருச்சிக்காரர் ஒருவர் பதில் சொல்கிறார்.

அக்கா, பி.எஸ்ஸி. கடைசி வருடம் படிக்கிறேன். சென்னையில் நடக்கும் வாக்-இன் நேர்காணலுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். அன்று என்னென்ன நடக்கும்?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

முதலில் காத்திருக்க வேண்டும். நிறையக் காத்திருக்க வேண்டும். ஒன்பது மணிக்கு வரச் சொன்னால் ஏழரைக்கே ஓட்டல் வாசலில் வரிசை நிற்கும். வயிற்றுக்குச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

பெயர் பதிந்ததும் ஹீல்ஸைக் கழற்றச் சொல்வார்கள். சுவரோரம் நிற்கவைத்து உயரம், அப்புறம் எடை. சில நிறுவனங்களில் சுவரில் ஒரு கோடு இருக்கும். நுனிக்காலில் எம்பி விரலால் அதைத் தொட வேண்டும். எமிரேட்ஸ் கேட்பது 212 செ.மீ.; உயரம் குறைந்தது 160 செ.மீ., வயது 21 ஆகியிருக்க வேண்டும். நம் நாட்டு நிறுவனங்கள் பெண்களுக்குப் பெரும்பாலும் 155 செ.மீ. உயரம் கேட்கின்றன, புதியவர்களுக்கு வயது 18 முதல் 27 வரை. எதற்கு இந்த எம்பல் என்றால், தலைக்கு மேலே உள்ள பெட்டிகளில் பயணிகளின் பைகள் மட்டும் இருப்பதில்லை. ஆக்சிஜன் சிலிண்டர், மருத்துவப் பெட்டி எல்லாம் அங்கேயும் இருக்கும். ஒருவர் மயங்கி விழுந்த பிறகு ஸ்டூல் தேடிக்கொண்டிருக்க முடியாது.

அடுத்து, கை, கழுத்து, கணுக்கால் என்று சீருடைக்கு வெளியே தெரிகிற இடங்களில் டாட்டூவோ பெரிய தழும்போ இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இது முடிந்தவுடனேயே பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

பிறகு, ‘உங்களைப் பற்றி ஒரு நிமிடம் பேசுங்கள்.’ வரிசையாக எல்லோரும் தான் கடின உழைப்பாளி, தன்னம்பிக்கை மிக்கவள் என்பார்கள். கேட்டுக் கேட்டு எங்களுக்குத் தூக்கம் வரும். ஒரு பெண், மாலை நேரத்தில் அப்பாவின் மருந்துக் கடையில் நிற்பவள், ஒரு பாட்டி மாத்திரைப் பெயர் தெரியாமல் ‘அந்த ரோஸ் கலர் தா’ என்று அடம்பிடித்ததையும், தான் ஊகித்து எதையும் எடுத்துக் கொடுக்காமல் பாட்டியின் மகனுக்கு போன் போட்டுக் கேட்டதையும் சொன்னாள். நேர்காணல் குழுவில் இருந்த நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேனாவை எடுத்தோம்.

அடுத்தது குழுச் சுற்று. எட்டுப் பத்துப் பேரை வட்டமாக உட்காரவைத்து ஒரு சிக்கலைக் கொடுப்பார்கள். விமானம் ரத்தாகிவிட்டது, ஓட்டலில் ஐந்து அறைதான் இருக்கிறது, பயணிகள் எட்டுப் பேர், யாருக்குக் கொடுப்பீர்கள் என்கிற மாதிரி. கர்ப்பிணிக்கா, முதியவருக்கா என்று நீங்கள் மூச்சுமுட்டப் பேசுவீர்கள். நீங்கள் யாருக்கு அறை கொடுத்தீர்கள் என்பது எங்களுக்கு முக்கியமே இல்லை. அடுத்தவர் பேசும்போது உங்கள் முகம் எப்படி இருக்கிறது, உங்கள் யோசனையைத் தள்ளிவிட்டால் எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள், நேரம் முடியப்போவதை யார் கவனிக்கிறார்கள், இதைத்தான் பார்ப்போம். முன்பு, ‘இவங்க இன்னும் பேசவே இல்லையே, என்ன நினைக்கிறாங்க?’ என்று ஒரு பெண் கேட்டால் அவளுக்கு ஒரு டிக் விழும். இப்போது அந்த வரியையும் கோச்சிங்கில் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். ஒரு குழுவில் மூன்று பேர் மாறி மாறி ஒரே பெண்ணைப் பேசச் சொல்லி, பாவம், அவள் மிரண்டே போனாள்.

கடைசியாகத் தனி நேர்காணல். ‘சாப்பாடு தீர்ந்துவிட்டது, பயணி சண்டை போடுகிறார், என்ன செய்வாய்?’ என்றால், ‘பிசினஸ் கிளாஸிலிருந்து எடுத்துக் கொடுப்பேன்’ என்று சொல்லாதீர்கள். உங்கள் கையில் இல்லாததை வாக்குக் கொடுக்கக் கூடாது. மன்னிப்புக் கேளுங்கள், இருப்பதைச் சொல்லுங்கள், மூத்த பணியாளரிடம் தெரிவியுங்கள். ‘கழிவறையில் ஒருவர் புகைபிடித்துவிட்டு வருகிறார்’ என்ற கேள்விக்குப் பலரும் அவரிடம் எப்படித் தன்மையாகப் பேசுவது என்று விளக்குவார்கள். அவர் கிடக்கட்டும், சிகரெட் துண்டு எங்கே போனது? முதலில் உள்ளே போய்க் குப்பைத்தொட்டியைப் பாருங்கள். 1973-இல் பாரிஸ் அருகே வாரிக் நிறுவன விமானத்தில் கழிவறையில் பிடித்த தீயால் 123 பேர் இறந்தார்கள். இந்த நடைமுறையெல்லாம் பயிற்சியில்தான் சொல்லித்தருவோம். ஆனால் புத்தி எந்தப் பக்கம் போகிறது என்பது நேர்காணலிலேயே தெரிந்துவிடும்.

தேர்வானால் மருத்துவப் பரிசோதனை உண்டு: கண், காது, ரத்தம், இ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே.

மகளுக்கு ஓர் இன்ஸ்டிட்யூட்டில் ஒரு வருட ஏர் ஹோஸ்டஸ் கோர்ஸுக்கு இரண்டரை லட்சம் கேட்கிறார்கள். நூறு சதவீத வேலை உத்தரவாதமாம். நகையை அடகு வைக்கலாமா?
– ஒரு தந்தை, விருதுநகர்

வேண்டாம் ஐயா. நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

பிளஸ் டூ பாஸ் செய்திருந்தாலே பெரும்பாலான நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கலாம். அந்த டிப்ளமோவை யாரும் கட்டாயமாகக் கேட்பதில்லை. தீயணைப்பது, ஆபத்து நேரத்தில் விமானக் கதவிலிருந்து சறுக்கில் இறங்குவது, நீச்சல் குளத்தில் மிதவைப் பயிற்சி, முதலுதவி எல்லாவற்றையும் ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகு விமான நிறுவனமே தன் செலவிலோ, கட்டணம் வாங்கியோ சொல்லிக்கொடுக்கும். அதில் தேறாமல் பறக்க முடியாது. எத்தனை பெரிய இன்ஸ்டிட்யூட் சான்றிதழ் இருந்தாலும் இந்தப் பயிற்சியில் ஒரு நாள்கூடக் குறையாது. வேலை கொடுக்கும் அதிகாரம் இல்லாதவர் எப்படி உத்தரவாதம் தருவார்?

நேர்காணலுக்கே பணம் கட்டச் சொல்லி யாராவது வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் பதிலே போடாதீர்கள்.

அதற்குப் பதில் 1,500 ரூபாய் கட்டி மகளுக்கு பாஸ்போர்ட் எடுங்கள். நம் ஊர் இனிஷியல் பெரிய தலைவலி. மார்க் ஷீட்டில் ‘ஆர்.’, ஆதாரில் அப்பா பெயர் பின்னால், பாஸ்போர்ட்டில் முன்னால் என்று இருந்தால், வேலைக்கு ஆர்டர் வந்த பிறகு அஃபிடவிட்டுக்கு அலைய வேண்டியிருக்கும். இப்போதே எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். என்னை எடுப்பார்களா அக்கா?
– வாசகி, தென்காசி

ஆங்கிலம் வேண்டும், அதில் சலுகை இல்லை. ஆனால் கான்வென்ட் ஆங்கிலம் வேண்டாம். தெளிவாக, நிதானமாக, தப்பில்லாமல் பேசினால் போதும். ஓர் அறிவிப்பைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள். நம் பிள்ளைகள் பயத்தில் ரயில் வேகத்தில் படித்துவிடுகிறார்கள். தினமும் ஒரு பத்தியைச் சத்தமாக வாசித்து போனில் பதிந்து கேளுங்கள். ‘இஸ்கூல்’, ‘ஜீரோ’ எல்லாம் தானாகவே காதில் குத்தும், திருத்திக்கொள்வீர்கள்.

தமிழ் தெரியும் என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ பேரன் பேத்தியைப் பார்க்கப் போகும் பாட்டிக்கு சீட் பெல்ட்டைக் கழற்றத் தெரியாது. கூச்சத்தில் கேட்கவும் மாட்டார். அங்கே உங்களை விட்டால் ஆள் இல்லை.

கறுப்பாக இருக்கிறேன், முகத்தில் பரு வேறு. கண்ணாடியும் போடுகிறேன்.
– வாசகி, வேலூர்

கண்ணாடிக்குப் பதில் கான்டாக்ட் லென்ஸ் போடலாம். பரு நிறைய இருந்தால் ‘ஆறியதும் வாருங்கள்’ என்று சில இடங்களில் திருப்பி அனுப்புவார்கள். தோல் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போகலாம். நிறத்துக்கு எந்த விதியும் கிடையாது. ஆனால் குழுவில் உட்காருபவர்கள் எல்லோரும் மகான்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: நிறத்தை வெளுப்பாகக் காட்டும் ஃபவுண்டேஷன் பூச்சு. கழுத்துக்கும் முகத்துக்கும் நடுவே கோடு போட்ட மாதிரி தெரியும், அதைத்தான் குறித்துக்கொள்வார்கள்.

கல்யாணம் ஆனால் வேலையை விட்டு எடுத்துவிடுவார்களாமே? வீட்டில் பயமுறுத்துகிறார்கள்.
– வாசகி, கடலூர்

உங்கள் வீட்டார் சொல்வது ஒரு காலத்தில் உண்மை. ஏர் இந்தியாவில் சேர்ந்து நான்கு வருடத்துக்குள் கல்யாணம் செய்தால் வேலை போகும், முதல் கர்ப்பத்தோடும் போகும், இல்லாவிட்டால் 35 வயதில் ஓய்வு. அங்கே வேலைபார்த்த பெண்களே வழக்குப் போட்டார்கள். கர்ப்பமானால் வேலை இல்லை என்ற விதியை உச்ச நீதிமன்றம் 1981-இல் ரத்து செய்தது. கல்யாணத்துக்கான நான்கு வருடத் தடையை மட்டும் அப்போது சரி என்றே சொன்னது, அதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

இப்போது கல்யாணமாகிப் பறப்பவர்கள் எத்தனையோ பேர். கர்ப்பம் என்று தெரிந்ததும் பறப்பதை நிறுத்துவார்கள், குழந்தை பிறந்து மருத்துவத் தகுதி பெற்றதும் திரும்ப வரலாம். நீங்கள் கவனிக்க வேண்டியது, இத்தனை மாதம் வேலையை விடமாட்டேன் என்று எழுதிக்கொடுக்கும் பாண்ட் பத்திரத்தைத்தான். எத்தனை மாதம், நடுவில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும், மகப்பேறு விடுப்பு அந்தக் கணக்கில் எப்படி வரும் என்று கையெழுத்துக்கு முன்பே எச்.ஆரிடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.